பின்கட்டில் மேடை போட அனுமதி எதற்கு?

கேள்வி: பாறசாலையில் எங்கள் வீட்டுப் பின்புறம் சிமென்ட் தூண் நட்டு, பலகை பரப்பி உட்கார ஒரு மேடை போடுகிறோம். கூரை கிடையாது. பஞ்சாயத்து அனுமதி வேண்டுமா? களியக்காவிளை உறவினர்கள் தேவையில்லை என்கிறார்கள்.

பதில்: களியக்காவிளை 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது, அங்குள்ள அனுபவம் உங்களுக்கு வழிகாட்டாது. உங்களுக்குப் பொருந்துவது 2019-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள். அனுமதி தேவையில்லாத வேலைகளில் தோட்டம் அமைப்பதும் உண்டு; ஆனால் நிலையான கட்டுமானம் அதில் சேராது என்று விதியே விலக்கிவைக்கிறது. தரையில் ஊன்றிய தூண் நிலையானதுதான். ஆகவே கூரை இல்லை என்ற வாதத்தை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். வீட்டின் பின்னால் கட்டாயமாக விடவேண்டிய திறந்தவெளியை மேடை தின்றுவிடுகிறதா என்பதும் முக்கியம். அடுத்த வீட்டுக்காரரின் காற்றும் வெளிச்சமும் அதில் அடங்கியிருக்கின்றன.

இத்தனை சிறிய வேலைக்கு அலைய வேண்டுமா என்று கேட்பது நியாயமே. ஆனால் விண்ணப்பம் இப்போது கே-ஸ்மார்ட் என்ற தளம் வழியாக இணையத்திலேயே போகிறது. அனுமதியின்றிக் கட்டினாலோ, 1994-ஆம் ஆண்டு பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 235டபிள்யூ பிரிவின்படி இடிக்கச் சொல்லப் பஞ்சாயத்துச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு. பதிவுபெற்ற பொறியாளரிடம் வரைபடம் வாங்கி, அனுமதி பெற்ற பிறகு தூணுக்குக் குழி தோண்டுங்கள்.