நிழலும் ஸதகாவே

ஒரு முஸ்லிம் மரம் ஒன்றை நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த ஹதீஸை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், இருக்கிற முற்றத்துக்கும் சிமெண்டு பூசுகிறோம்!

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தாருக்கு மரத்தின் அருமையை யாரும் போதிக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பலா நம் நாட்டு மரந்தான். ஆகவே நாட்டு மரம் விழவே விழாது என்று எண்ணலாகாது. முந்திரியோ பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அதுவே இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு. அந்தந்த மண்ணுக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே அறிவுடைமை.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தைப் பாருங்கள். உப்பு நீரில் சுரபுன்னையும் தில்லையும் செழிக்கின்றன. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது, அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் எழுதினார்கள். மேடும், கடலிலிருந்த தூரமும் காரணமென்று வேறு சிலர் கூறினார்கள். இரண்டிலும் உண்மை உண்டு.

நம் தெருவுக்கு வேம்பும் புங்கையும் பூவரசும் போதும். சித்திரை வெயிலில் புங்கை புதுத் தழை விட்டு நிற்கும். இலைகள் நீரை ஆவியாக விடுவதால், அதன் கீழ் காற்றே குளிர்ந்திருக்கும். பூவரசு போத்து நட்டாலே துளிர்க்கும். பனங்கொட்டை புதைப்பவர் தம் பேரனுக்காகப் புதைக்கிறார். இடமில்லாதவர்கள் ஒரு முருங்கை வைக்கலாம். கீரைக்கு விலையில்லை, சத்தோ அதிகம். ஆனால் காற்றுக்கு ஒடியும்; ஓட்டுக் கூரைக்கு அருகே வேண்டாம்.

இனிச் சொல்ல வருத்தமான விஷயம், நம் மையவாடிகள். பல ஊர்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஜனாஸாவைச் சுமந்து வருபவர்களின் காலில் முள் தைக்கிறது. ஆடுமாடுகள் அதன் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். வேரோடு களைய வேண்டும். கபுருகளுக்கு அருகில் தோண்டுமுன் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரங்களில் வேம்பு வைத்தால், கபுரடக்கத்துக்கு வருபவர்கள் நிழலில் நின்று துஆச் செய்வார்கள்.

தண்ணீருக்கு எங்கே போவது என்பார்கள். பள்ளிவாசலில் ஐவேளையும் ஒளுச் செய்த நீர் சாக்கடைக்குத்தானே போகிறது? ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளின்படி அந்த நீர் மறுபடி ஒளுவுக்கு உதவாதே தவிர, அசுத்தமானதல்ல. சவர்க்காரமும் அதில் இல்லை. ஒரு சிறு வாய்க்கால் வெட்டினால் நாலைந்து மரம் வளரும். முத்தவல்லிகள் மனம் வைத்தால் ஒரு நாள் வேலை.

மக்கள் தங்கும் நிழலில் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று நபிகளார் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். வீட்டுக் குப்பையைத் தெருவோர மரத்தடியில் கொட்டுகிறவர்கள், தங்கள் செயல் இதில் சேருமா என்று ஒருமுறை யோசிக்கட்டும்.

மரம் நட ஐப்பசி அடைமழைக்கு முந்திய வாரங்களே நல்ல சமயம். கன்றைச் சுற்றி ஆடு கடிக்காதபடி வேலி கட்டுங்கள். தை பிறந்த பிறகு, முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மதரஸாப் பிள்ளைகளிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.