பாவனையும் பரமபத அநுபவமும்

உடலில் உறையும் உயிர், அவ்வுடல் இருக்கும்போதே உடலுக்கு அப்பாற்பட்டதொன்றைக் காண இயலுமா? காணுதற்கு வாயில் யாது? இவ்வினாக்களுக்கு ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர் தரும் விடை ‘பாவனை’ என்பதாம். பாவனையாவது, கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை இடைவிடாது உள்ளத்தில் நிறுத்தி, அதனோடு ஒன்றி நிற்றலாகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. திருமங்கலத்தினின்று டி. கல்லுப்பட்டி வழியே தென்மேற்காகச் செல்லும் நெடுஞ்சாலை, கோதை நாச்சியார் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரைச் சென்றடைகிறது. அவ்வூரில் இருந்தபடியே நாச்சியார் ஆயர்பாடியில் வாழ்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரே ஆயர்பாடி, வடபெருங்கோயிலே நந்தகோபன் திருமாளிகை, அங்குப் பள்ளிகொண்டவனே கண்ணன், தானும் தோழியரும் இடைப்பெண்கள். இங்ஙனம் பாவித்து நோன்பு நோற்றாள். பேச்சும் நடையும் மட்டுமன்றி, மேனியின் மணமும் இடைச்சியர்க்கு உரியதாகவே மாறிற்று என்று பெரியோர் பணிப்பர். இதனை ‘அநுகாரம்’ என்பர். ராஸக்ரீடையின் நடுவே கண்ணன் மறைந்தபோது, கோபியர் அவன் செயல்களைத் தாமே நடித்து உயிர் தரித்ததை ஸ்ரீபாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம் கூறும். கோதை சென்ற நெறியும் அதுவே. முப்பது பாசுரங்கள் கொண்ட திருப்பாவை இந்நெறியில் விளைந்த கனியாகும்.

பாவனை எவ்வாறு காட்சியாகிறது? எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் இதனை விளக்கியருளுகின்றார். எண்ணெய் ஒழுக்குப்போல் அறாத நினைவே த்யானம். பாவனையின் மிகுதியால் அந்நினைவு நேரிற் காண்டலை ஒத்த தெளிவை அடைகின்றது. அவரே அருளிய வைகுண்ட கத்யம் இதற்குரிய பயிற்சி நூலாகத் திகழ்கின்றது. அண்டங்களுக்கு அப்பாலுள்ள பரமபதத்தையும், அங்குள்ள சோலைகளையும், மண்டபங்களையும், அரவணைமேல் வீற்றிருக்கும் எம்பெருமானையும் ஒவ்வொன்றாக உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, ‘என்று காண்பேன்’ என ஏங்கி நிற்குமாறு அது கற்பிக்கின்றது. இதனை நாள்தோறும் செய்யவேண்டும் என்பதும் அவர் திருவுள்ளம்.

நம்மாழ்வார் இதற்கும் ஒருபடி மேலே நின்றார். திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒன்பதாம் திருவாய்மொழி, உடலை நீத்த உயிர் செல்லும் அர்ச்சிராதி மார்க்கத்தை உரைப்பது. மேகங்கள் முழங்குகின்றன, கடல்கள் ஆர்க்கின்றன, தேவர்களும் முனிவர்களும் எதிர்கொள்கின்றனர், நிறைகுடமும் விளக்கும் ஏந்தி வைகுந்தத்தில் வரவேற்கின்றனர். ஆழ்வார் திருமேனியோடு இருக்கும்போதே எம்பெருமான் இவ்வழியைக் காட்டிக்கொடுக்கக் கண்டு அருளினார் என்பது வ்யாக்யாதாக்களின் கருத்து.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தெளிவாகத் தோன்றுவன யாவும் தெய்வக் காட்சி ஆகா. இராமபிரானின் அம்புக்கு அஞ்சிய மாரீசன், மரந்தோறும் இராமனையே கண்டதாக இராவணனிடம் கூறுவதை ஸ்ரீராமாயணத்தில் காண்கிறோம். அச்சமும் பாவனையை வளர்க்கவல்லது; அன்பும் வளர்க்கவல்லது. ஸ்விட்சர்லாந்து நாட்டில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணிக்கு, மூளையின் வலப்புறத்தில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, தாம் மேலெழுந்து தம் உடலையே மேலிருந்து காண்பதுபோல் தோன்றியது. ஓலாஃப் பிளாங்கே முதலான மருத்துவர்கள் இதனை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எனவே உடலைவிட்டுப் பிரிந்ததுபோன்ற உணர்ச்சி ஒன்றே ஆன்ம லாபம் ஆகிவிடாது.

நம் பூர்வாசாரியர்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். உள்ளத்தளவில் நிகழ்வதை ‘மானஸ அநுபவம்’ என்றும், புறத்தே நேரிற் கலந்து பரிமாறுதலைப் ‘பாஹ்ய ஸம்ச்லேஷம்’ என்றும் பிரித்துரைத்தனர். மானஸ அநுபவத்தில் களித்த ஆழ்வார், கைநீட்டி அணைக்கப் புகுந்து, எட்டாமையால் கதறினார் என்று வ்யாக்யானங்கள் பலவிடத்தும் உரைக்கும். அக்கதறலே அவர் அநுபவத்தின் மெய்ம்மைக்கு முத்திரை. வெறுங்கற்பனையில் மகிழ்பவன் அம்மகிழ்ச்சியோடு நின்றுவிடுவான். மெய்யான பாவனை உடையவனோ மேன்மேலும் எம்பெருமானையே நாடுவான்.

பாவனைக்கு மற்றோர் உரைகல் கைங்கர்யம். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நாச்சியார் தம் திருமொழியில் வாய்நேர்ந்தாள். அது வாக்கினாலும் மனத்தினாலும் ஆன சமர்ப்பணம். கி.பி. 1017இல் அவதரித்த எம்பெருமானார், பின்னாளில் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி அதனை மெய்யாகவே நிறைவேற்றினார். பின்பு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேவித்தபோது, நாச்சியார் அவரை ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்பது குருபரம்பரைச் செய்தி. நாச்சியாரின் உள்ளத்தில் எழுந்த பாவனை, மற்றோர் அடியாரின் கையில் கைங்கர்யமாக முடிந்தது. அழகர் மலைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட இந்நிலப்பரப்பு அப்பெருமையை என்றும் நினைவூட்டி நிற்கின்றது.

திருவிழாவுக்கு வரும் அடியார்களுக்கு இது எளிய பயிற்சியாகும். வீதியில் எழுந்தருளும் பெருமாளைத் திருவடி முதல் திருமுடி வரை நிதானமாகச் சேவித்தல் வேண்டும். இல்லம் சென்றபின், இரவில் கண்மூடி அத்திருக்கோலத்தை அதே முறையில் மீண்டும் உள்ளத்தில் எழுந்தருளப்பண்ணுதல் வேண்டும். உருவம் மங்கினால் வருந்தற்க, மறுநாளும் தொடர்க. ஒளியோ ஒலியோ தோன்றினால் அதனையே பெரிதாக எண்ணி நின்றுவிடற்க. மறுநாட்காலையில் ஒரு பூமாலை தொடுக்கவோ, பசித்த ஓர் அடியாருக்கு அமுது இடவோ அப்பாவனை தூண்டுமாயின், அது நல்வழியிற் செல்கின்றது என்று அறிக. கண்ட காட்சி சிறிதாயினும், அது கைங்கர்யத்தில் சென்று சேருமாயின் அதுவே பரமபதத்தின் வாயிலாகும்.