மறதி கற்பிக்கும் பாடம்

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிய நாளை, உடன் வந்தவர் யார், மடியிலிருந்த பணம் எவ்வளவு என்பது வரை ஒன்று விடாமல் உரைக்கும் முதியவர்கள் நம் இல்லங்களில் உள்ளனர். அவர்களில் சிலரே, அரை மணி நேரத்துக்கு முன் உண்ட சோற்றை உண்ணவில்லை என்று சாதிப்பதும் உண்டு. "வாப்பா வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்று வீட்டார் மனம் நொந்து, சில வேளை கடிந்தும் பேசிவிடுகின்றனர். அத்தனை ஆண்டுப் பழையது இவ்வளவு துலக்கமாயிருக்க, இன்று நிகழ்ந்தது மட்டும் எங்ஙனம் மறையும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண, அமெரிக்காவில் ஒரு மனிதருக்கு நேர்ந்த பெருந்துன்பத்திலிருந்து தொடங்குவோம்.

ஹென்றி மொலைசன் 1926-ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். இளமையிலேயே வலிப்பு நோய் கண்டது. அது மருந்துக்கு அடங்காமல் முற்றியது. 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்னும் ரண சிகிச்சை நிபுணர், மூளையின் இரு பக்கங்களிலும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் அமைந்த ஒரு பாகத்தை அகற்றினார். அதில் முக்கியமான உறுப்பு ஹிப்போகாம்பஸ். கடற்குதிரையைப் போல் வளைந்திருப்பதால் அதற்குக் கிரேக்க மொழியில் அப்பெயர். அதன் வேலை இன்னதென்று அந்நாளில் திட்டமாக அறிந்தவரில்லை.

வலிப்பு பெரிதும் தணிந்தது. அறிவும் குன்றவில்லை; அறிவுத்திறன் சோதனையில் சராசரிக்கு மேலாக 112 பெற்றார். பேச்சு, மரியாதை, வேடிக்கை உணர்வு யாவும் முன்போலவே இருந்தன. ஆனால் புதிதாக எதுவும் மனத்தில் தங்கவில்லை. 1955-இல் கனடாவின் மொன்றியால் நகரிலிருந்து வந்து அவரைச் சோதித்தார் உளநூல் அறிஞர் பிரெண்டா மில்னர் அம்மையார். இன்று என்ன தேதி என்று கேட்டதற்கு, 1953 மார்ச் என்றார் மொலைசன். வயது கேட்டதற்கு 27 என்றார். அவருக்குக் காலம் அங்கேயே நின்றுவிட்டது.

மில்னர் ஒரு முறை 584 என்ற எண்ணை நினைவில் வைக்கும்படி சொல்லிவிட்டு வெளியே சென்றார். சுமார் கால் மணி நேரம் கழித்து வந்து கேட்டால், மொலைசன் சரியாகச் சொல்கிறார்! எப்படி என்றால், 5, 8, 4 மூன்றையும் கூட்டினால் 17. 8-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு 17-இல் கழித்தால் 9. அதைப் பிரித்தால் 5-உம் 4-உம். இப்படி இடைவிடாது மனத்துக்குள் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பி ஒரு நிமிடம் சென்றதும், எண் மட்டுமன்று, எண் ஒன்று கொடுக்கப்பட்டது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். அன்றாட வரவு செலவு முதலில் சிட்டையில் விழும். பிறகு கணக்கப்பிள்ளை அதனைப் பேரேட்டில் ஏற்றுவார். மொலைசனிடம் சிட்டையும் இருந்தது, பழைய பேரேடும் இருந்தது. ஏற்றுகின்ற கணக்கப்பிள்ளைதான் இல்லை. நம் கடைக் கணக்கு அன்றிரவே ஏறிவிடும். மூளையிலோ இவ்வேலை முடியப் பல ஆண்டுகள் ஆகும் என்று தோன்றுகிறது. அறுவைக்கு முந்திய சில ஆண்டுகளின் செய்திகளும் மொலைசனிடம் மங்கியிருந்தமை இதற்குச் சான்று. புதியது முதலில் அழியும், பழையது கடைசி வரை நிற்கும் என்று பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881-லேயே எழுதியிருந்தார். அல்ஸைமர் நோய் பெரும்பாலும் இதே ஹிப்போகாம்பஸிலும் அதன் அண்டையிலும்தான் முதலில் கை வைக்கிறது. சோற்றை மறந்து கப்பலை நினைவில் வைத்திருக்கும் முதியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பேரேட்டில் அச்சோறு ஏறவேயில்லை.

முதுமையின் மறதியெல்லாம் இந்நோயே என்று அஞ்சவும் வேண்டா. மருத்துவர் பார்த்துக் குணப்படுத்தக்கூடிய காரணங்களும் உள. 1887-இல் ருஷ்ய மருத்துவர் கோர்சகோவ் மதுப்பழக்கம் உடையோரிடம் கண்டு எழுதிய கொடிய மறதிக்குக் காரணம், பி-1 வைட்டமின் குறைவு என்று பின்னர் தெரிந்தது. பெரிபெரி நோய்க்கும் அதே குறைவுதான் காரணம். அந்தப் பெரிபெரியின் வேரைத் தேடியதில் நம் கோலாலம்பூருக்கும் பங்குண்டு. அங்கிருந்த மனநோய் விடுதியில் 1905 முதல் டாக்டர் ஃபிளெச்சர், ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் கண்டது பச்சரிசி உண்டவர்களிடத்தில். நம்மவர் விடாப்பிடியாகப் புழுங்கலரிசி உண்டது வீண் பிடிவாதமன்று!

மீண்டும் மொலைசனிடம் வருவோம். மில்னர் அவருக்கு இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, அக்கோடுகளுக்கிடையே பென்சிலை ஓட்டச் சொன்னார். இது எவருக்கும் முதலில் கோணல்மாணலாகவே வரும். மூன்று நாட்களில் முப்பது முறை செய்தார். ஒவ்வொரு நாளும், இதற்குமுன் இதைச் செய்ததேயில்லை என்பதே அவர் எண்ணம். ஆயினும் மூன்றாம் நாள் பிழையின்றி வரைந்தார். மனிதர் மறந்தார், கை கற்றுக்கொண்டது! சைக்கிள் மிதிப்பது, தையல், தட்டெழுத்து போன்ற கைப்பழக்கங்கள் அந்தக் கணக்கப்பிள்ளையின் வழியாகச் செல்வதில்லை. சிறுமூளை முதலிய வேறு பகுதிகள் அவற்றைக் காக்கின்றன. ஞாபகம் ஒன்றன்று, பல என்பதை இவ்வளவு தெளிவாக அதற்குமுன் எவரும் காட்டியதில்லை எனலாம்.

கை போகட்டும், நெஞ்சம்? மொலைசனுக்குப் பிரியமான மாமா ஒருவர் இறந்தார். செய்தி கேட்டுத் துடித்தார். பிறகு மறந்து, மாமா எப்போது வருவார் என்று கேட்பார். சொன்னால் மீண்டும் அதே துடிப்பு. ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. உண்மையைச் சொல்வதொன்றே கடமை என்று எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

1911-இல் ஜெனீவாவில் கிளாபரேடு என்னும் மருத்துவர் கண்டது இன்னும் வியப்பு. தம்மைத் தினமும் புதியவராகவே எண்ணும் மறதி நோயாளியான பெண்மணி ஒருவரின் கையைக் குலுக்கும்போது, விரலிடுக்கில் ஊசியை மறைத்துக் குத்தினார். (இக்காலத்தில் அனுமதிக்கத் தகாத சோதனை.) அடுத்த முறை கை நீட்டியபோது அப்பெண்மணி கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2010-இல் இதனை இன்னும் ஆழ்ந்து ஆராய்ந்தனர். ஹிப்போகாம்பஸ் பழுதுற்ற நோயாளிகளுக்குச் சோகமான படக் காட்சிகளைக் காட்டினர். சற்று நேரத்தில் கண்ட காட்சிகள் பெரும்பாலும் மறந்துபோயின, சோகம் போகவில்லை. மகிழ்ச்சியான காட்சிகளைக் காட்டியபோதும், படம் மறந்த பின் மகிழ்ச்சி எஞ்சியது. 2014-இல் அல்ஸைமர் நோயாளிகள் 17 பேரிடம் இச்சோதனையைச் செய்தபோதும் முடிவு இவ்வாறே இருந்தது. அவர்களில் படத்தை எவ்வளவு குறைவாக நினைவில் வைத்திருந்தார்களோ, அவ்வளவு நீண்ட நேரம் துயரம் நிலைத்திருந்ததாக ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர்.