வீராணம் கரையில் சனி, ஞாயிறு

அன்பு மகள் கயல்விழிக்கு,

லால்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டு வளசரவாக்கத்துக்கே வந்துவிடச் சொல்லி அப்பாவையும் அம்மாவையும் நீ வற்புறுத்துவதாக உன் அம்மா சொன்னாள். வார நாள்தான் எப்படியோ போகிறது, சனி ஞாயிறுகூட வீராணம் ஏரியைப் பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்களே என்பது உன் வருத்தம். பாசத்தில் பிறந்த வருத்தம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் வெறுமையாகப் போகின்றன என்று நீ நினைப்பதை நான் ஏற்கவில்லை. அதை அடிப்படையாக வைத்து முடிவெடுத்தால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே அவர்களிடம் இருப்பதைப் பிடுங்கிவிடுவாய்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது ஒருவர் எதை இழக்கிறார் என்று யோசித்துப் பார். நம் மாநில அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2021இல் 60 ஆனது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள்கூடக் கையில் இருக்கலாம். பணத்துக்கு ஓய்வூதியம் வந்துவிடுகிறது. காலையில் கண் விழித்ததும் "இன்றைக்கு நிலவரம் என்ன?" என்று கேட்பதற்கு ஒரு காரியம் வேண்டுமே, அது நின்றுபோகிறது. பல வீடுகளில் அந்த இடத்தைத் தொலைக்காட்சி பிடித்துக்கொள்கிறது. அதிலும் தினம் ஒரு மாற்றம் உண்டு; ஆனால் பார்ப்பவரின் ஊரையோ, வயலையோ, கிணற்றையோ அது தொடுவதில்லை. முதுமைக்குத் தேவை, தன்னை நம்பி இல்லாமல் தானே நடந்துகொண்டிருக்கிற, ஆனால் தன் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒன்று. ஏரிக்கரையில் வீடு உள்ளவருக்கு அது வாசலிலேயே கிடைக்கிறது.

வீராணம் அழகுக்காக வெட்டிய நீர்நிலை இல்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் பாசனத்துக்காக உருவானது. சுமார் 16 கி.மீ. நீளம், முழு நீர்மட்டம் 47.5 அடி. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கொள்ளிடம் வந்து, கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக இதற்குள் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஜெயங்கொண்டம் பக்கம் பெய்யும் மழை செங்கால் ஓடையிலும் கருவாட்டு ஓடையிலும் பெருகி வரும். அந்த நாட்களில் ஏரியை விளிம்பு வரை நிரப்பி வைப்பது ஆபத்து. வருகிற வெள்ளத்துக்கு இடம் விட்டு, உபரியை லால்பேட்டை பக்கம் வெள்ளியங்கால் ஓடையிலும் சேத்தியாத்தோப்பு பக்கம் வெள்ளாற்றிலும் விடுவார்கள். ஓர் அடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்பது கரையோரத்துக்காரருக்குத் தெரியும். சனிக்கிழமை காலை உன் அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்கிறாரே, அது பொழுதுபோகாத பேச்சில்லை. அந்த அளவை வைத்துத்தான் கீழே நாற்று விட்டவருடைய சம்பாவின் கதி. 2004 முதல் இதே தண்ணீர்தான் சுமார் 230 கி.மீ. குழாயில் போரூர் வந்து உங்கள் நகரத்துக்குப் பிரிகிறது. நீ சமைக்கிற தண்ணீரின் நிலவரத்தை உன்னைவிட உன் அப்பா நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்.

பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று நீ கேட்கலாம். நாற்பது வருடம் உழைத்த மனிதரின் அறிவு இப்படி வீணாகலாமா, டியூஷன் எடுக்கலாம், சங்கத்தில் சேரலாம், யாத்திரை போகலாம் என்று பலரும் சொல்கிறார்கள். விருப்பம் இருந்தால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் ஓய்வையும் உற்பத்திக் கணக்கில் வைத்து அளப்பது எனக்கு உடன்பாடில்லை. நீருக்குள் நட்ட கழியில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பதை அரைமணி நேரம் பார்க்க, வேலையில் இருக்கிற யாரால் முடியும்? முக்குளித்துவிட்டு வந்து, இரண்டு இறக்கையையும் முழுக்க நீட்டி, வெயில் பக்கம் மெல்லத் திரும்பி, அசையாமல் நிற்கும். சில வருடக் கோடையில் ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கும். அப்போது பார்க்க என்ன இருக்கிறது என்றால், அந்த வறட்சியையும் பார்க்க ஆள் வேண்டும். எந்த மதகு பழுது, எங்கே கரை சரிந்திருக்கிறது என்பதெல்லாம் தினம் நடக்கிறவர் கண்ணில்தான் முதலில் படும்.

தனிமை என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1938இல் தொடங்கி, ஒரே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், முதுமையின் நலத்துக்கு நல்ல உறவுகள் மிகவும் முக்கியம் என்று கண்டார்கள். இதை நீ உன் பக்கத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வாய். எனக்கு அது மறுபக்கம் பேசுவதாகப் படுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், காலையில் காணோமே என்று வந்து எட்டிப் பார்க்கிறவர்கள், கடனாகக் கறிவேப்பிலை கேட்கிறவர்கள் எல்லாரும் லால்பேட்டையில்தான் இருக்கிறார்கள். வளசரவாக்கத்தில் நான்காவது மாடியில் நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு கதவைத் தட்டுகிறவர் பார்சல் கொண்டுவருகிற பையன் மட்டும்தான். மகள் வீட்டில் இருப்பது பெருமைதான். ஆனால் அங்கே உன் அம்மா விருந்தாளியாகவோ சமையல் துணையாகவோ இருப்பாள். தன் வீட்டு எஜமானியாக இருக்க மாட்டாள்.

மருத்துவ வசதியைப் பற்றி நீ சொல்வதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். காட்டுமன்னார்கோயிலில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சை என்றால் சிதம்பரம் மருத்துவக் கல்லூரி. இருந்தாலும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் நிமிடங்கள்தான் கணக்கு, சென்னை அளவுக்கு அங்கே வசதி இல்லை. அதனால் இடம் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருவரில் ஒருவருக்கு ஞாபகம் தடுமாறினாலோ, விழ ஆரம்பித்தாலோ, இருவர் ஒருவரானாலோ நிலைமை வேறு. அந்த நாளில் என்ன செய்யலாம் என்பதை இப்போதே, அவர்கள் தெம்பாக இருக்கும்போதே, அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள். வராத நாளுக்குப் பயந்து, இருக்கிற நல்ல நாட்களை முன்கூட்டியே முடித்துவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நீ செய்ய வேண்டியது வேறு. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு, பண்டிகையும் விசேஷமும் இல்லாத வாரமாகப் பார்த்துப் போ. பேரப்பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அப்பாவோடு அனுப்பு; போனை நீ வாங்கி வைத்துக்கொள். அவரை எங்கேயும் கூட்டிப்போகத் திட்டம் போடாதே, அவர் போகிற இடத்துக்கு நீ கூட நட. குளியலறையில் பிடிமானக் கம்பியும், கொல்லைப்படியில் ஒரு விளக்கும், இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியும் இந்த மழைக்காலத்துக்கு முன் வாங்கிப் பொருத்திக் கொடு. பக்கத்து வீட்டாருடைய நம்பரையும், நேரங்காலம் பார்க்காமல் வரக்கூடிய கார்க்காரர் நம்பரையும் உன் போனில் பதிந்துவைத்துக்கொள். கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று அம்மாவை நிற்கவைத்து அளந்து பார். தச்சரிடம் விட்டால் தன் உயரத்துக்கு வைத்துவிடுவார்.

அன்புடன்,
பெரியம்மா