கல் தூசு: நுரையீரலைக் காத்துக்கொள்வோம்

மோதிரக் கல்லை வீட்டிலேயே வெட்டி மெருகேற்றுகிறீர்களா? கெடா மாநிலத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் பெரியோர்களே, இதைக் கவனியுங்கள்.

ஆபத்து என்ன?
பத்து அக்கிக், பாறையோடு சேர்ந்த ஓப்பல் போன்ற கற்களில் சிலிக்கா உள்ளது. காய்ந்த கல்லைக் கையடக்கக் கிரைண்டரால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூசு பறக்கும். அது நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கும். இதுவே சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே மூச்சுத்திணறல் தெரியவரும். பாதிப்பை மருந்தால் நீக்க முடியாது. காசநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

குஜராத்தின் கம்பாத் நகரில் அகேட் கல் மெருகேற்றிய பலருக்கு இந்நோய் வந்தது. வீடுகளில் வேலை நடந்ததால் குடும்பத்தாரும் தூசைச் சுவாசித்தனர்.

என்ன செய்யலாம்?
• கல்லை எப்போதும் ஈரமாக வைத்தே தேயுங்கள். மோட்டாரிலும் மின்கம்பியிலும் தண்ணீர் படக்கூடாது.
• முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவரி அணியுங்கள். துணியோ கைக்குட்டையோ போதாது.
• கண்ணாடி அணியுங்கள்.
• வீட்டுக்கு வெளியே வேலை செய்யுங்கள். பேரப்பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.
• தூசைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.
• வேலை முடிந்ததும் குளித்து, உடை மாற்றுங்கள்.

மருத்துவரை எப்போது பார்ப்பது?
விடாத இருமல், மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பு, உடல் மெலிவு இருந்தால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். கல் தேய்ப்பதையும், முன்பு கல்குவாரியில் வேலை செய்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.