அபர்கனோல்வின்: வேல்ஸ் சிற்றூர் ஒன்றின் சூழல்

அயல்நாட்டைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அதன் தலைநகரையும் மாளிகைகளையுமே நாடுவர். ஆயினும், பஸ் வண்டி சற்றே நின்று செல்லும் ஒரு சிற்றூரில் இறங்கிச் சுற்றியுள்ள சில மைல் நிலத்தை நடந்து காண்பவர்க்கு அந்நாட்டின் சரித்திரம் சுருக்கமாக விளங்குதலும் உண்டு. வேல்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியில், டவின் என்னும் கடற்கரை நகரினின்று சுமார் ஏழு மைல் தொலைவில், மலைகளுக்கிடையே அமைந்த அபர்கனோல்வின் அத்தகையதோர் ஊராகும். அதனைச் சூழ்ந்துள்ள இடங்களை ஈண்டு ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்கண் அறியத்தக்கன ஊர்ப்பெயர்கள். வேல்ஸ் மொழியில் ‘அபர்’ என்பது ஆறு கடலோடாவது வேறோர் ஆற்றோடாவது கூடுமிடம். ‘லான்’ என்பது கோயிலும் அதன் வளாகமும். ‘பென்னன்ட்’ என்பது பள்ளத்தாக்கின் தலைப்பு. எனவே, லான்விஹாங்கல் அ பென்னன்ட் என்ற நெடும்பெயர், பள்ளத்தாக்கின் தலைப்பிலுள்ள மிக்கேல் கோயில் எனப் பொருள்படும். மொழியறியாதார்க்கு வெற்றொலியாகத் தோன்றும் பெயரே, மொழியறிந்தார்க்கு வழிகாட்டும் படமாகின்றது.

இனி ஊரை நோக்குவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் (1861–65) பருத்தி வரவு குன்றியபோது, மாஞ்செஸ்டர் பஞ்சாலை முதலாளிகள் சிலர் இங்குள்ள சிலேட்டுக் கற்சுரங்கத்திற் பொருளிட்டனர். தொழிலாளர்க்கு வீடுகள் எழுந்தன. கல்லைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல இரண்டேகால் அடி அகலமுள்ள டாலிலின் இருப்புப்பாதை 1865ஆம் ஆண்டில் அமைந்தது. 1946ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. இருப்புப்பாதையும் அழியும் நிலையில், 1951ஆம் ஆண்டில் ஊதியம் வேண்டாத் தொண்டர் பலர் கூடி அதனை ஏற்று நடத்தினர். தொண்டர்களால் இங்ஙனம் காக்கப்பெற்ற இருப்புப்பாதைகளுள் உலகிலேயே முதலாவது இதுவே. அவ்வழியே சென்றால், பாதையருகே டோல்கோக் அருவியையும் காணலாம்.

ஊரின் வடகிழக்கே சுமார் மூன்று மைலில் டாலிலின் ஏரி உள்ளது. பண்டைக் காலத்தில் மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்தமையால் நீர் தேங்கி உண்டாயது அது. அதன்மேல் 893 மீட்டர் உயர்ந்து நிற்பது காடேர் இட்ரிஸ் மலை. இட்ரிஸ் என்னும் அரக்கனின் இருக்கை என்பது அப்பெயரின் பொருள். அதன் உச்சியில் ஓர் இரவு துயில்வோன் பித்தனாகவோ கவிஞனாகவோ எழுவான் என்பது அந்நாட்டார் வழக்கு.

ஏரியினின்று வரும் டசன்னி ஆறு, அபர்கனோல்வின் அருகே திடீரெனத் திரும்பி, மலையிடுக்கின் வழியாக அடுத்த பள்ளத்தாக்கினுட் புகுகின்றது. அப்பள்ளத்தாக்கில் ஒரு பாறைக்குன்றின்மேல் காஸ்டெல் அ பெரெ என்னும் கோட்டை சிதைந்து கிடக்கின்றது. வேல்ஸ் இளவரசர் மகா லவெலின் 1221ஆம் ஆண்டில் அதனைக் கட்டத் தொடங்கினார். 1283ஆம் ஆண்டில் அது முதலாம் எட்வர்டு மன்னரின் படைக்கு வீழ்ந்தது. 1294ஆம் ஆண்டுக் கலகத்திற்குப்பின் கைவிடப்பட்டது. ஆற்றின் போக்கிலே கீழே சென்றால், ‘பறவைப் பாறை’ எனப் பொருள்படும் கிரைக் அர் அடெரின் தோன்றும். கடல் விலகிச் சென்ற பின்னும், நீர்க்காகங்கள் கடலினின்று பல மைல் உள்ளே வந்து அதன்மீது கூடு கட்டுகின்றன.

கோட்டைக்கு அப்பால், மிக்கேல் கோயிலையுங் கடந்து சென்றால், இடிந்த குடிசையொன்றின் சுவர்களும் ஒரு நினைவுத்தூணும் காணப்படும். நெசவாளியின் மகளான மேரி ஜோன்ஸ் (1784–1864) வாழ்ந்த இடம் அது. பிறர் வீட்டு வேதாகமத்தைப் படித்து வந்த அவ்வேழைச் சிறுமி, தனக்கென ஒன்று வாங்க ஆறு ஆண்டு சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, 1800ஆம் ஆண்டில், தன் பதினைந்தாம் வயதில், ஏறத்தாழ இருபத்தாறு மைல் மலைவழியே பாலா நகருக்கு நடந்து, தாமஸ் சார்லஸ் போதகரிடம் அதனைப் பெற்றாள். வேல்ஸ் மொழியில் வேதாகமம் முழுவதும் 1588ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருந்தும், ஏழையர்க்கு அது எட்டாப் பொருளாகவே இருந்தது. இக்குறையை அப்போதகர் 1802ஆம் ஆண்டில் லண்டன் நண்பரிடம் முறையிட்டார். அதன் பயனாக 1804ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அந்நிய வேதாகமச் சங்கம் தோன்றிற்று. சென்னையில் அதன் துணைச்சங்கம் 1820ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆதலின், நம் இல்லங்களிலுள்ள தமிழ் வேதாகமத்திற்கும் அக்குடிசைக்கும் தொடர்பில்லையெனல் இயலாது.

மேரியின் கல்லறை, டவின் செல்லும் வழியிலுள்ள பிரின்கிரிக் என்னுஞ் சிற்றூரில் உள்ளது. டவின் நகரத்துக் காட்வான் கோயிலில் நிற்குங் கல்லொன்றில், வேல்ஸ் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்று பொறிக்கப்பட்டுள்ளது.

இவற்றை ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மன்னன் கோட்டை வீழ்ந்தது. முதலாளியின் சுரங்கம் மூடிற்று. நெசவாளியின் குடிசையும் இடிந்தது. எனினும், தொண்டர் பேணிய இருப்புப்பாதை ஓடுகின்றது. எளியோர் நாவிலும் ஏட்டிலும் போற்றிய மொழி வாழ்கின்றது. கோட்டை காவாத மொழியை ஏழைச் சிறுமியர் போன்றாரின் வேட்கை காத்தது. அவள் ஆறாண்டு உழைத்து, இருபத்தாறு மைல் நடந்து பெற்றது தாய்மொழி நூல் ஒன்றே. நமக்கோ தமிழ் நூல்கள் கல்லூரி நூல்நிலையத்தில் கைக்கெட்டும் அளவில் நிரம்பியுள்ளன. அவற்றை எடுத்துப் படிக்க எத்துணைத் தூரம் நடக்கின்றோம் என நாமே நம்மை வினவிக் கொள்வோமாக.