சஞ்சியும் அடிமை முறியும்

நாம் வாழும் இவ்வூருக்குப் பெயர் தந்தது அன்னாசிப் பழம். பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசிப் பட்டணம் என்று பொருள். 'நானாஸ்' என்பதை மலாய்ச் சொல் என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். அது தென்னமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழியில் பிறந்து, போர்த்துக்கீசியரின் வாய்வழியே கடல் கடந்து வந்த சொல். பழமும் அவர்களோடு வந்ததுதான். பால்மரமும் அமெரிக்கச் சரக்கே. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர் செல்வத்துக்கு அக்கன்றுகளே பிள்ளையார் சுழி என்று நம் இந்து நண்பர்கள் சொல்வார்கள்.

அங்கிருந்து வந்தவை செடிகள் மட்டுமா? ஒரே பயிரைக் கண்ணுக்கெட்டிய தூரம் நட்டு, தொலைதேசத்துச் சந்தைக்காக விளைவித்து, அதற்கு வேண்டிய ஆள்களைக் கப்பலில் ஏற்றி வந்து, ஓட முடியாதபடி கட்டி வைத்து வேலை வாங்கும் தோட்ட முறையும் அமெரிக்கக் கண்டத்தில்தான் முழு வடிவம் பெற்றது. ஆகவே, அமெரிக்காவில் அடிமைத்தனம் எப்படி முளைத்தது என்ற சரித்திரம் நமக்குப் புறம்பான கதையன்று.

இதை எழுத வேறொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் முன்னோரைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் நிலவுகின்றன. "எங்கள் பாட்டனார் வியாபாரத்துக்கு வந்தவர், கூலிக்கு வந்தவரல்லர்" என்று தலை நிமிர்ந்து சொல்வது ஒன்று. "நம்மை வெள்ளைக்காரன் அடிமையாகப் பிடித்து வந்தான்" என்று குமுறுவது மற்றொன்று. பிள்ளைகள் கேட்டால் எதைச் சொல்வது? அடிமை என்ற சொல்லின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று அறியாமல் இதற்கு விடை காண முடியாது.

வட அமெரிக்காவில் வர்ஜீனியா என்னும் ஆங்கிலக் குடியேற்றத்தில், 1619-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் 'ஒயிட் லயன்' என்ற கப்பல் கரை தட்டியது. அதில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர் இருந்தனர். அங்கோலாவிலிருந்து போர்த்துக்கீசியர் ஏற்றிச் சென்றவர்களை நடுக்கடலில் பறித்து வந்து, உணவுப் பொருள்களுக்கு மாற்றாக விற்றார்கள். அந்நாளில் வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களில் பாடுபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை ஆங்கிலேயரே. கப்பல் கட்டணம் கொடுக்க வகையில்லாமல், நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைப்பதாக முறி எழுதிக் கொடுத்து வந்தவர்கள். எஜமானன் அவர்களை அடிக்கலாம்; முறியைப் பிறருக்கு விற்கலாம். ஆனால் தவணை தீர்ந்தால் விடுதலை. கருப்பரிலும் சிலருக்கு அவ்வாறு விடுதலை கிடைத்தது. 1621-இல் கொண்டுவரப்பட்ட அந்தோணி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர் விடுதலை பெற்று, 1651-இல் 250 ஏக்கர் நிலத்துக்கு உடையவரானார். 'கிழக்கிந்தியன் டோனி' என்று ஒருவரின் பெயர் 1635-ஆம் ஆண்டு வர்ஜீனிய நிலப் பதிவொன்றில் காணப்படுகிறது. நம் நாட்டுப் பக்கத்து மனிதர் ஒருவர் அக்காலத்திலேயே அங்கே வேலையாளாக இருந்திருக்கிறார்!

அப்படியானால் தவணை வேலையாள் எப்போது தலைமுறை அடிமையானான்? ஒரே நாளில் ஆகவில்லை. வழக்கு வழக்காக, சட்டம் சட்டமாக ஆனான். 1640-இல் மூன்று வேலையாட்கள் சேர்ந்து ஓடிப்போய்ப் பிடிபட்டனர். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற கருப்பர். வெள்ளையர் இருவருக்கும் தவணையோடு சில ஆண்டுகள் கூட்டப்பட்டன. பஞ்சுக்கோ, ஆயுள் உள்ளளவும் உழைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. குற்றம் ஒன்று; தண்டனை நிறத்துக்கு ஏற்றாற்போல்.

1655-இல் இன்னொரு வழக்கு. தம் தவணை முடிந்துவிட்டதாகச் சொன்ன ஜான் கேஸர் என்ற கருப்பரை, ஆயுள்வரை எஜமானனுக்கே உரியவர் என்று நீதிமன்றம் தீர்த்தது. அந்த எஜமானன் யார் தெரியுமா? மேலே சொன்ன அந்தோணி ஜான்சனே. அடிமை நுகத்தின் கீழ் இருந்து எழுந்தவர் இன்னொருவர் கழுத்தில் அதை மாட்டத் தயங்கவில்லை.

எல்லாவற்றிலும் கொடியது 1662-ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று அது விதித்தது. ஆங்கிலேயருக்குப் பிள்ளையின் நிலை தந்தையைக் கொண்டே அறியப்படும் வழக்கம் இருந்தது, அதைத் தலைகீழாக்கினார்கள். ஏனெனில் அடிமைப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு எஜமானனே தந்தை. இனி அவன் தன் இரத்தத்தையே சந்தையில் விற்கலாம். 1667-இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைக்கு விடுதலையில்லை என்றொரு சட்டம். 1669-இல், தண்டிக்கும்போது அடிமை இறந்துபோனால் எஜமானன்மேல் கொலைக்குற்றம் இல்லை என்றொரு சட்டம். 1676-இல் பேக்கன் என்பவர் நடத்திய கலகத்தில் வெள்ளை வேலையாட்களும் கருப்பரும் ஒன்றாக ஆயுதம் எடுத்ததைக் கண்ட நிலப்பிரபுக்கள், இருவரையும் பிரித்து வைப்பதே தங்களுக்குக் காப்பு என்று கண்டுகொண்டனர். 1705-இல் எல்லாச் சட்டங்களும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. சொந்த நாட்டில் கிறிஸ்தவராயில்லாமல் கொண்டுவரப்படும் வேலையாள் அடிமையே என்று அது கூறியது. இங்கிலாந்து அரசியோடு நட்புக் கொண்ட துருக்கியருக்கும் மூர்களுக்கும் மட்டும் விலக்கு!

அந்த விலக்கு மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு உதவவில்லை. பூந்து நாட்டு அறிஞர் குடும்பத்தவரான அய்யூப் சுலைமான் 1730-இல் பிடிபட்டு மேரிலாந்துப் புகையிலைத் தோட்டத்தில் விற்கப்பட்டார். தந்தைக்கு அவர் அரபியில் எழுதிய கடிதம் இலண்டன் பெரியவர்கள் கைக்குப் போனதால் விடுதலை கிடைத்து, 1734-இல் தாயகம் மீண்டார். பிடிபட்ட அன்று அவர் எதற்காகப் பயணம் போயிருந்தார்? தந்தையின் ஏவலால் இரண்டு அடிமைகளை விற்கப் போயிருந்தார். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம் மார்க்கத்தார் கையில் இக்கறையே இல்லை என்று பேசுவது சரித்திரத்துக்கு ஒவ்வாது.

1807-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்ட உமர் இப்னு சையித் அவர்களுக்கு விடுதலையே கிட்டவில்லை. ஓடிப்போய்ச் சிறையில் அடைபட்டபோது சுவர்களில் கரியால் அரபி எழுதினார். 1831-இல் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். அதை அவர் திருக்குர்ஆனின் 'அல்-முல்க்' அத்தியாயத்தோடு தொடங்குகிறார். முல்க் என்றால் ஆட்சி, உடைமை. அந்தக் கையெழுத்துப் பிரதி 2017 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். தமிழகத்துக்கு அடிமை புதிதன்று. 1201-ஆம் ஆண்டில், தஞ்சை நாட்டுத் திருப்பாம்புரத்தில் பஞ்சத்தின் கொடுமையால் ஒரு வேளாளரும் அவருடைய இரு பெண்மக்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு கூறுகிறது. பசி விற்றது, கோயில் வாங்கிற்று. அந்தப் பசியைக் கப்பல் சரக்காக மாற்றியவர் ஐரோப்பியர். 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக் கம்பெனியார், அடுத்த ஆண்டு தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது ஆள் வாங்கத் தொடங்கினர். 1659 முதல் 1661 வரை எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். மலாக்கா நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது! ஆகவே, இந்நாட்டுக்குத் தமிழர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டதே இல்லை என்பாரும் தவறுகின்றனர். வர்ஜீனியாவில் 1662 சட்டம் எழுதிய மை காய்வதற்கு முன்னே நடந்த காரியம் இது.

ஆங்கிலேயரும் சும்மா இருக்கவில்லை. 1680-களின் பஞ்சத்தில் சென்னைக் கோட்டையிலிருந்தும் அடிமைகள் கப்பலேறினர். மொகலாய அதிகாரிகளின் எதிர்ப்புக்குப் பின் 1688-இல் கோட்டைச் சபையார் அதைத் தடுத்தனர். அப்போது சென்னையின் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் சர்வகலாசாலை, 1718-இல் அவர் நன்கொடைக்காகவே அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

மலாய் நாடுகளிலோ கடன் அடிமை முறை இருந்தது. கடன்பட்டவன் பிரபுவின் வீட்டில் உழைப்பான். உழைப்பு கடனில் கழியாது. மனைவி மக்களும் அதே கட்டில் விழுவார்கள். முஸ்லிமை முஸ்லிம் அடிமையாக்குவதை மார்க்கம் தடுத்திருக்க, 'கடனாளி' என்று பெயர் மாற்றிக் காரியம் நடந்தது. பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டு பர்ச், ஓடிவந்த அடிமைகளுக்குப் புகலிடம் தந்தது அவர்மேல் பிரபுக்களுக்கு இருந்த பகைக்கு ஒரு காரணம். 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். 1883 முடிவில் பேராக்கில் அடிமைத்தனம் நீக்கப்பட்டது.

ஆங்கிலேய சாம்ராஜ்யத்தில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834-இல் அமலுக்கு வந்தபோது கம்பெனியின் இந்திய நிலங்கள் அதில் சேரவில்லை. இந்தியாவுக்கு 1843-இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அதுவும் அடிமையை நேரே விடுவிக்கவில்லை. அடிமை என் சொத்து என்று வரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவே. அடிமை வாணிபத்தைக் குற்றமாக்கியது 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம். ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1834-இலேயே மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் புறப்பட்டுவிட்டனர். பினாங்குக்கும் அதன் எதிர்க்கரையான செபராங் பிறைக்கும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் ஓடின. அவற்றுள் நம் மரக்காயர் செல்வர்களின் பாய்க்கப்பல்களும் உண்டு. வியாபாரிக்கு வந்த பாட்டனாரும் கூலிக்கு வந்த பாட்டனாரும் ஒரே தளத்தில் உட்கார்ந்து வந்திருக்கலாம்!

மலாயாவில் இவர்களைச் 'சஞ்சிக் கூலி' என்றார்கள். ஜன்ஜி என்ற மலாய்ச் சொல்லின் திரிபு; வாக்குறுதி என்பது பொருள். பெரும்பாலும் மூன்றாண்டு வாக்குறுதி. கப்பல் செலவும் முன்பணமும் கூலியிலிருந்து பிடிக்கப்படும். நோயால் படுத்த நாள்கள் தவணையில் கூட்டப்படும். தோட்டத்தை விட்டு ஓடினால் அது கடன் வழக்கன்று, சிறைத்தண்டனைக் குற்றம். பலர் மூன்றாண்டு முடியும் முன்பே மண்ணுக்குள் போனார்கள். வர்ஜீனியாவின் ஏழை ஆங்கிலேயன் எழுதிய முறிக்கும் இந்தச் சஞ்சிக்கும் எத்தனை ஒற்றுமை!

ஆயினும் ஓர் இடத்தில் பாதை பிரிந்தது. இங்கே 1662 சட்டம் எழுதப்படவில்லை. சஞ்சிக்காரரின் பிள்ளை சஞ்சியோடு பிறக்கவில்லை. இந்த ஒரு கோட்டை வைத்துத்தான் கூலியையும் அடிமையையும் பிரிக்கிறோம். பட்ட துன்பத்தை வைத்துப் பிரித்தால் பல தோட்டங்களில் வேற்றுமை காண்பது அரிது. தஞ்சை ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக ஒரே மிராசுதாரருக்குக் கட்டுப்பட்டிருந்த பண்ணையாளுக்கு அந்தக் கப்பல் தப்பும் வழியாகவும் இருந்தது என்பதை மறக்கலாகாது. அவனை ஏமாற்றிக் கூட்டிவந்தார்கள் என்பது மெய். அவன் விட்டுவந்த இடம் சுவர்க்கமன்று என்பதும் மெய்.

சஞ்சி முறை மலாயாவில் 1910-இல் நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணி முறை வளர்ந்தது. சட்டப்படி கூலி ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம். ஆனால் கங்காணியிடம் பட்ட கடன் விலக விடாது. தலைக்கு இத்தனை என்று அவருக்கும் துரையிடமிருந்து கிடைத்ததால் அவரும் விட விரும்பார். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிப்பயணக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியதோடு அதுவும் ஓய்ந்தது.

பிள்ளைகளின் கதை என்ன? தென் கரோலினாவில் 1740-ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைக்கு எழுதக் கற்பிப்பவனுக்கு அபராதம் விதித்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பல இடங்களில் அது லயத்து ஓரத்தில் ஒரு கொட்டகை. கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். காலையில் பால் மரத்துக்குப் போய்விட்டுப் பகலில் வந்து உட்காரும் பிள்ளைகள், மணலில் விரலால் 'அ' எழுதினார்கள்.